ஏணிக் காட்சிக்கு முன்னால்

எங்கள் வீட்டு டிவிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. போட்டதும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று ஆரம்பிக்கும். இத்தனை வருஷமாக இந்தச் சுவரில்தான் தொங்குகிறது, எதிரே உட்கார்ந்திருப்பது நான்தான் என்று இன்னும் அதற்குத் தெரியவில்லை. கேள்விக்குக் கீழே நாலு வட்டங்கள் வரும். ஒன்று என் வீட்டுக்காரருடையது, ஒன்று என்னுடையது, ஒன்று வெளியூரில் படிக்கும் மகனுடையது. நாலாவது வட்டத்தில் "மிளகு" என்று எழுதியிருக்கும். மிளகு என் தங்கை. ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி என்று அப்பா வைத்த செல்லப் பெயர். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அவள் வீட்டு டிவியிலும் படம் பார்க்க எங்கள் ஆன்லைன் கணக்குதான் ஓடியது. பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன், நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். தன் வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டியதை அந்த மகராசி குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். எனக்கு அது வந்தபோது நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தேன். காதில் புளூடூத் இருந்தது, போனோடு அது சேரவில்லை என்பது எனக்குத் தெரியாது. கடை முழுக்கக் கேட்டது.

"அக்கா வரான்னாலே எங்கேயாவது ஓடிடலாமான்னு இருக்கு. வந்ததும் வராததுமா ஃபிரிட்ஜைத் திறந்து பாப்பா. இது ஏன் காஞ்சு கிடக்கு, அது ஏன் மூடாம இருக்குன்னு ஒண்ணொண்ணா கேப்பா. நான் என்ன வீடா நடத்தறேன், பரீட்சையா எழுதறேன்?"

அவள் அழித்துவிட்டாள். அழித்து என்ன பயன்? "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி, காயத்துக்கு மேல் பிளாஸ்திரி போல அங்கேயே இருந்தது. அதற்குள் அத்தை கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டிருந்தாள். நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். வெளியேறியதையும் அது விடாமல் எல்லோருக்கும் தண்டோரா போட்டது. நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பது உண்மைதான். அதற்காக ஊரைக் கூட்டிச் சொல்வதா? அன்று சாயங்காலமே போன் பண்ணி மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது.

பேச்சு நின்றதே தவிர, எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு டிவியைப் போட்டு நாலாவது வட்டத்துக்குள் போய்விடுவேன். அங்கே "தொடர்ந்து பார்க்க" என்று ஒரு வரிசை இருக்கும். எதை எதுவரை பார்த்தாள் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். துப்பறியும் தொடர் ஆரம்பத்திலேயே நின்றிருந்தால் அன்றைக்கு வேலை அதிகம், சோபாவிலேயே தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவளுக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை, நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடிக்க வேண்டும். குத்துச்சண்டைப் படம் ஓடியிருந்தால் கப்பலில் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர் விடுமுறைக்கு வந்திருக்கிறார். பேசிக்கொண்டிருந்த காலத்தில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. சிவப்புக் கோட்டுக்கு அப்படி மழுப்பத் தெரியாது.

போன வாரம் அந்த வரிசையின் தலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்து உட்கார்ந்தது. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

சின்ன வயதில் எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்பா அந்தப் படத்தின் கேசட்டைத்தான் வாடகைக்கு எடுத்து வருவார். அதில் ஒரு பெயிண்டர், கடைக்கு மேலே இருக்கும் பெரிய பலகையில் பெயர் எழுத ஏணியில் ஏறுவான். பலகையின் விளிம்பில் உட்கார்ந்து அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது ஏணியின் சொந்தக்காரன் வந்து, மேலே ஆள் இருப்பதைக் கவனிக்காமல், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பெயிண்டர் வழுக்கி, பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். கூட்டம் கூடிவிடும். அவன் தொங்கியபடியே கீழே பார்த்து, "யாரும் பதற வேண்டாம், நானே இறங்கிக்கொள்கிறேன்" என்று மந்திரி மாதிரிச் சொல்வான். மிளகு சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவாள். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. பரீட்சை முடிவு வந்த நாளிலும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலும் அதைத்தான் பார்த்தாள். மனசுக்குள் பயம் வந்தால் அவளுக்கு அந்தப் படம் வேண்டும்.

அடுத்த நாளும் அதே படம். அதற்கடுத்த நாளும். தினமும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள் போல, காலையில் கிளம்பும்போது துளியாக இருக்கும் கோடு மதியச் சாப்பாட்டு வேளையில் போனில் பார்த்தால் நீண்டிருக்கும். வேலைக்குப் போகிறவள் காலையில் எப்படிப் படம் பார்ப்பாள்? அதுவும் ஒவ்வொரு முறையும் கோடு ஒரே இடத்தில் நின்றது. எந்த இடம் என்று போட்டுப் பார்த்தேன். பெயிண்டர் ஏணியின் முதல் படியில் கால் வைக்கிறான், அங்கே நிறுத்தியிருக்கிறாள். சிரிக்க வேண்டிய இடத்துக்கு வரும் முன்பே எழுந்துபோவது என் தங்கையின் வழக்கம் இல்லை. பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரியக்கூடாது என்று கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன். லேசுப்பட்ட வேலை இல்லை அது. அந்த ரிமோட்டில் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் கதை கல்யாணத்துக்கே போய்விடுகிறது.

அவளுக்கு ஏதோ ஆகியிருக்கிறது, அது மட்டும் நிச்சயம். போனை எடுத்து "என்னடி ஆச்சு?" என்று அடித்தேன், அழித்தேன். நான் ஏன் முதலில் கேட்க வேண்டும்? கடை நடுவே போனது என் மானம்தானே. திரும்பவும் அடித்தேன், திரும்பவும் அழித்தேன்.

இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். செல்போனில் வரும் நிபந்தனைகளைக் கடைசி வரிவரை படித்துவிட்டு "ஒப்புக்கொள்கிறேன்" அமுக்குகிற ஒரே மனுஷன் அவர்தான்.

"வேற வீட்டு டிவியில நம்ம கணக்கு ஓடக் கூடாதாம். மெயில் வந்திருக்கு. எல்லாத்தையும் வெளியேத்தட்டுமான்னு கேட்டுது. ஆமான்னு அமுக்கிட்டேன்" என்றார்.

"என்னைக் கேக்காம அமுக்கிடுவீங்களா?"

"நீதான் அவகூடப் பேசறதே இல்லையே. அவ எங்க பாத்தா உனக்கென்ன?"

ரிமோட்டை எடுத்து நாலாவது வட்டம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது.

"அவளுக்கு வேணும்னா திரும்பச் சேந்துக்கலாம்மா. உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை அவளுக்கு அனுப்பினாப் போதும்" என்று சமாதானமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நாலாவது வட்டத்தில் எதுவும் நகரவில்லை. மறுநாளும் கோடு வைத்த இடத்திலேயே கிடந்தது. குரூப்பை விட்டு வந்த நாளில்கூட நான் இவ்வளவு தவிக்கவில்லை. அன்றைக்கு இருந்தது கோபம். இப்போது இருந்தது பயம்.

அடுத்த நாள் கடையில் ஒருவருக்குக் கண் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மாட்டும் கனமான சட்டத்தை அவர் மூக்கில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். மேஜையில் போன் துடித்தது. புதிய டிவி ஒன்று எங்கள் கணக்கில் சேரப் பார்க்கிறது, இதுதான் ஓடிபி, இதை யாரிடமும் பகிராதீர்கள் என்று எழுதியிருந்தது. பகிரக் கூடாது என்றால் பிறகு எதற்கு அனுப்புகிறான்? மிளகிடமிருந்து ஏதாவது வருகிறதா என்று அவள் பக்கத்தைத் திறந்தேன். "டைப் செய்கிறார்" என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. கடைசியில் ஒன்றும் வரவில்லை.

ஓடிபிக்கு ஆயுசு கொஞ்சம்தான். அது காலாவதி ஆனதும் இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. யாரோ கதவைத் தட்டிவிட்டு வாயைத் திறக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"மேடம், முதல் வரியே தெரியலையே" என்றார் நாற்காலியில் இருந்தவர், நடுங்கும் குரலில்.

பார்த்தால், தூரப்பார்வைக்கு மாட்ட வேண்டிய லென்ஸை மாற்றி மாட்டியிருக்கிறேன். பாவம், அந்த மனுஷன் தனக்குக் கண்ணே போய்விட்டது என்று நினைத்திருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டாக்சிக்குப் போனில் பதிவு செய்தேன். வண்டி என்னை நோக்கி வருவதாகக் காட்டிக்கொண்டே எதிர்த்திசையில் போனது. போகட்டும் என்று பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அவள் டிவி ஓடும், அவ்வளவோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் வீட்டு அழைப்பு மணியில் கேமரா உண்டு. அமுக்குவதற்கு முன் என்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். கதவு திறந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"எதுக்கு வந்த?" என்றாள்.

"ஓடிபி குடுக்க."

"அது இந்நேரம் செத்துப் போயிருக்கும்."

"தெரியும்."

வழியை விட்டு விலகி நின்றாள். உள்ளே போனதும்தான் பார்த்தேன், கழுத்தின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

"கழுத்துல என்னடி?"

"ஒரு கட்டி. ஊசியால எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. நாளைக்கு ரிசல்ட் சொல்லுவாங்க. போன வாரமே வேலைக்கு லீவு போட்டுட்டேன்."

"அவருக்குச் சொன்னியா?"

"நடுக்கடல்ல இருக்கற மனுஷன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவரும் சேந்து பயப்படணுமா?"

என் கோபம் அப்போதுதான் நிஜமாக வந்தது. "எனக்குச் சொல்றதுக்கு என்ன? வாய் இல்லையா உனக்கு?"

"அந்த வாயாலதானே எல்லாம் வந்துது" என்றாள்.

சோபாவில் உட்கார்ந்தேன். எதிரே டிவியில் அந்தப் படம் நின்றுகொண்டிருந்தது. பெயிண்டர் ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தான். எனக்குப் புரியவில்லை. எங்கள் கணக்கிலிருந்துதான் அவளை வெளியேற்றியாகிவிட்டதே, எப்படி ஓடுகிறது?

"இது யார் கணக்கு?"

"எங்களோடதுதான். போன தடவை வந்தப்ப அவர் போட்டுக் குடுத்துட்டுப் போனார்."

"அப்போ என்கிட்ட எதுக்குடி ஓடிபி கேட்ட? சொந்தக் கணக்கை வச்சுக்கிட்டு இத்தனை நாளா எங்களோடதுல எதுக்குப் பாத்த?"

அவள் ரிமோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு நாள் கோடு கொஞ்சம் தள்ளி நின்னுச்சுக்கா. நான் நிறுத்துன இடம் எனக்குத் தெரியாதா? நீ உள்ள வந்து பாத்துட்டுப் போறேன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் உனக்காகவே தினமும் போட்டேன். இந்தப் படத்தைப் பாத்தா உனக்குத் தெரிஞ்சுடும்ல, எனக்கு என்னவோன்னு. மாமா வெளியேத்தினதும் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. எத்தனை தடவை அடித்து அடித்து அழித்தேன், அத்தனை தடவையும் இவள் இங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். நாளைக்கு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், தலையை ஆட்டினாள்.

சமையலறைப் பக்கம் என் கண் போனது. கையைக் கட்டிக்கொண்டேன். எத்தனை ஜென்மம் ஆனாலும் இந்த வீட்டு ஃபிரிட்ஜை நான் தொடுவதில்லை என்று சபதம் செய்திருந்தேன்.

"என்னக்கா, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க? போய்த் திற" என்றாள்.

"எதை?"

"ஃபிரிட்ஜைத்தான். உள்ள பாத்தா நீ கண்டபடி திட்டுவ. திட்டு. வீடு ரொம்ப நாளா சத்தமே இல்லாம கிடக்கு."

எழுந்து போய்த் திறந்தேன். அரைப் பாக்கெட் ரொட்டி ஓரமெல்லாம் விறைத்துக் கிடந்தது. பால் கெட்டுப்போயிருந்தது. முட்டை வைக்கும் இடத்தில் மாத்திரை அட்டைகள். ஒரு வாரமாக என்ன சாப்பிட்டாள் இவள்?

"இதெல்லாம் ஒரு ஃபிரிட்ஜா? உள்ள விளக்கு எரியறதைத் தவிர வேற எதுவும் நல்லா இல்ல!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன்.

"யாரும் பதற வேண்டாம்" என்று ஹாலிலிருந்து பெயிண்டர் குரலில் பதில் வந்தது. பாதியில் அந்தக் குரல் உடைந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஆனது.

பாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, ரொட்டியைச் சுட அடுப்பில் கல்லைப் போட்டேன். ஹாலில் ரிமோட் பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

"அடியே, நான் வர்றதுக்குள்ள அவனை ஏணியில ஏத்திடாத!" என்று கத்தினேன்.

"நீ இல்லாம நான் எப்ப ஏத்தினேன்?" என்றாள்.