மாரிசெலுக்கு ஒரு படையல்

மாட்டுவாலை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தபோது நெடுஞ்செழியன் சண்டைக்குத் தயாராகவே இருந்தான். அவன் அம்மா நாகமணி பையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவன் மனைவி மாரிசெலுக்கு முப்பதாம் நாள். செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும். கோபிச்செட்டிபாளையமானாலும் அமெரிக்காவில் பிஸ்கட்டவேயானாலும் அதில் மாற்றமில்லை. மாரிசெலுக்குப் பிடித்தது கரே-கரே. மாட்டுவாலைக் கறி கழன்று வரும்வரை வேகவைத்து, வேர்க்கடலையை அரைத்து ஊற்றி, கத்திரிக்காயும் வாழைப்பூவும் போட்டு இறக்கும் அவளுடைய பிலிப்பைன்ஸ் ஊர்க் குழம்பு. வேர்க்கடலை, வாழைப்பூ வரைக்கும் நாகமணிக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை. மாடுதான் வீட்டுக்குள் வரக் கூடாது.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கராஜ். மீன் வறுக்கவென்று கராஜில் ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளாத தமிழ் வீடு அந்தத் தெருவில் ஏது? அம்மா மனமும் நோகாது, மனைவிக்கும் வாய்க்கு ருசியாகக் கிடைக்கும் என்று தன்னையே மெச்சிக்கொண்டான், மகா புத்திசாலி. மாரிசெல் அங்கேயே தனிப் பாத்திரத்தில் சமைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வருவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போன மாதம் பனி கொட்டிய அன்று, குளிர் தாங்காமல் கராஜ் கதவை இறக்கிவிட்டு சிலிண்டர் அடுப்பைப் பற்றவைத்தாள். வால்கறி வேக மூன்று மணி நேரம் பிடிக்கும். விஷவாயுவுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

இன்றைக்காவது அவள் சாப்பாடு வீட்டுக்குள், ஹாலில், எல்லாரும் உட்காரும் இடத்தில் இருக்க வேண்டும். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

குழம்பு கொதித்தது. வாடை வீடெங்கும் பரவியது. நாகமணி மூக்கைப் பொத்தவில்லை.

"வாழைப்பூவை இப்பவே போட்டறலாமா, கண்ணு?"

"போடும்மா."

அம்மா இப்படி இறங்கி வருவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. இதைக் கொஞ்சம் முன்னால் செய்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமும் வந்தது. அடக்கிக்கொண்டு குளிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது ஹாலில் வைத்திருந்த மாரிசெலின் படம் இல்லை. கராஜுக்குப் போகும் கதவு திறந்திருந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவித் துடைத்து, நாகமணி இலை போட்டிருந்தாள். சோறு, கரே-கரே, தண்ணீர், விளக்கு. மாரிசெலின் படம் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தது.

"ஏம்மா இங்க வெச்சே?"

"அவ இங்கதான கண்ணு உக்காந்து திம்பா? உள்ள வெச்சா அவளுக்கு எப்படித் தெரியும்?"

குரலில் குத்தல் இல்லை. கண் கலங்கியிருந்தது. கொஞ்சம் வஞ்சகம் தெரிந்திருந்தால்கூட அவன் கத்தித் தீர்த்திருப்பான்.

"உள்ள எடுத்துட்டுப் போறேன்" என்று குனிந்தான். இலையைத் தொட்ட கை அப்படியே நின்றது. உள்ளே வந்து எங்களோடு சாப்பிடு என்று அவளிடம் ஒரு தடவையாவது சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தான்.

நாகமணி கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"பேரைச் சொல்லிக் கூப்புடு, கண்ணு. புருசன் கூப்புட்டாத்தான் வருவா."

அவன் வாயைத் திறந்தான். எங்கே வரச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.