கூண்டைவிட்டுப் பறந்த மசிக் குருவிகள்

ஸ்பெயினோடு சமாதானம் ஆன வருஷம், ஹார்லெம் நகரில் விற்றிருந்த நானூறு அச்சுப் படங்களிலிருந்தும் ஒரே செவ்வாய்க்கிழமை காலையில் குருவிகள் பறந்துபோயின. படத்தில் ஒரு பெண் மடியில் கூண்டோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே குருவி இருந்தால் அவள் கன்னி, கூண்டு காலியென்றால் கெட்டுப்போனவள்; அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். செப்புத் தகட்டில் செதுக்கியவன் லுப்பெர்ட். முகம் மாக்டெல்ட்டுடையது. துணி வெளுக்கும் புல்வெளியில் வேலை செய்த அவளை அவன் ஒருமுறை கூப்பிட்டான், அவள் போகவில்லை, கேட்காமலே முகத்தை எடுத்துக்கொண்டான்.

குருவிகள் நேராக அவள் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தன. மசியால் ஆனவை, எச்சமும் மசிதான். படம் வாங்கியவர்கள் காலிக் கூண்டுப் படத்தோடு அவள் வாசலில் கூடினார்கள்.

“உன் குருவி எங்கடி போச்சு? எவனுக்குத் திறந்துவிட்ட?” என்றான் மீன்காரன்.

“உன் மீன் நாறுதுன்னு எவனாச்சும் உன் பொண்டாட்டியக் கேட்டானா?” என்றாள் அவள்.

அவளுக்கும் ரொட்டிக்காரன் வெஸ்ஸலுக்கும் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதையும் வாசித்து, யாரும் மறுக்காவிட்டால்தான் கல்யாணம். அந்த மூன்றாம் ஞாயிறு வெஸ்ஸலின் அம்மா எழுந்து நின்று படத்தைத் தூக்கிக் காட்டினாள். வெஸ்ஸல் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாக்டெல்ட் பட்டறைக்குப் போனாள்.

“உன்னைக் கன்னியாத்தானே செதுக்கினேன். குருவி ஓடினதுக்கு நானா பொறுப்பு?” என்று சிரித்தான் லுப்பெர்ட்.

“மூஞ்சி என்னோடது. குடுத்துடு.”

தகட்டைப் பிடுங்கி, அவனுடைய உளியின் தட்டைப் பக்கத்தாலேயே முகத்தை வழவழவென்று தேய்த்து அழித்தாள். நானூறு படங்களிலும் முகம் அழிந்தது. விடிந்தபோது ஒவ்வொரு படத்திலும் அந்தந்த வீட்டுப் பெண்ணின் முகம் வந்திருந்தது. மீன்காரனுக்கு மகள். வெஸ்ஸல் வீட்டில் அவன் அம்மா. போதகர் வீட்டில் போதகரின் மனைவி. கூண்டு எல்லாவற்றிலும் காலி.

அடுத்த ஞாயிறு போதகர், கூண்டு வெறும் கூண்டுதான், அதற்கு வேறு அர்த்தம் சொல்கிறவன் பாவி என்று பிரசங்கித்தார். ஊரே ஆமென் சொன்னது. தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் குத்திய அர்த்தம் ஒரு மணி நேரத்தில் செத்தது. மாக்டெல்ட்டிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எதுவும் நடக்கவில்லையாம்.

வெஸ்ஸல் சூடான ரொட்டியோடு வந்தான். “அம்மா சரின்னுட்டாங்க. மூணாவதையும் வாசிச்சிடலாம்.”

“அவங்க மூஞ்சியே சுவத்துல தொங்குதே, சரின்னுதான் சொல்வாங்க. உன் வாய் அன்னைக்கு எங்க போச்சு?”

ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

குருவிகள் முட்டையிட்டுப் பெருகின. புல்வெளியில் விரித்த வெள்ளைத் துணிகளில் கருப்பு எச்சம் விழுகிறது. பெண்கள் எடுத்து மறுபடி அலசிக் காயப்போடுகிறார்கள்.