புருவம் கேட்கும் கேள்வி

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் தோல் டாக்டரின் அறையில் மைதிலி கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, நெற்றியில் வரிசையாக இறங்கிய சுருக்க ஊசி எறும்பு கடித்தது போலிருந்தது. அவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்துக்கு நெற்றியை அசைக்க வராது, பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அசையாமல் இருக்கத்தானே வந்திருக்கிறோம் என்று மைதிலி நினைத்துக்கொண்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தாறு வயதுக்குள் நெற்றியில் நாலு கோடு ஆழமாக விழுந்திருந்தது. நாமக்கல்லில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கணவனின் அக்கா குஞ்சம்மாள், "ஏன் மைதிலி, எப்பப் பாத்தாலும் ஆருமேலயோ கோவமாட்டவே இருக்கற?" என்பாள். இப்போது ராசிபுரத்துக் கல்யாணத்தில் அதே குஞ்சம்மாள், பத்து வயசு குறைந்துவிட்டதே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கணவர் சபரிநாதன்கூட இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மைதிலிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள், படிப்பை முடித்துவிட்டு மகள் ரஞ்சனி விடுதியிலிருந்து வந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அம்மாவும் மகளும் இருபத்தொரு வருடமாகக் கையால் பேசுகிறவர்கள். வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினாள். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. காட்டிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு தூரம் அனுப்ப மைதிலிக்கு மனசில்லை. இருந்தாலும் அவள் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் சொல்லக்கூடாது என்று, அவளைச் சுட்டி, வாசலைக் காட்டிக் கேட்டாள். நீ போறியா?

ரஞ்சனி போனைப் பையில் போட்டாள். பிறகு தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாள்.

இரண்டு நாள் அவள் கை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டு மைதிலி திருப்பினாள். ரஞ்சனி போனில் தட்டிக் காட்டினாள்: 'நீதான போகச் சொன்ன. எனக்கு இஷ்டமான்னு கேக்கவே இல்ல.'

"கேட்டனே சாமி," என்றாள் மைதிலி வாய்விட்டு.

சொன்ன பிறகுதான் பீரோக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதன் முன் நின்று அதே சைகையைச் செய்து பார்த்தாள். போறியா என்று கேட்பதற்கும் போ என்று சொல்வதற்கும் கை ஒன்றுதான். கேள்வி புருவத்தில் இருந்தது. புருவம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பசிக்குதா, வலிக்குதா, ஆரு அடிச்சா, ஏன் அழுவற என்று இருபத்தொரு வருடம் கேட்டுக் கேட்டு விழுந்த கோடுகள் அவை.

மைதிலி நெற்றியைத் தொட்டு, ஊசி குத்துவதுபோல் காட்டினாள். ரஞ்சனிக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. கிட்டே வந்து அந்த வழுவழுப்பை விரலால் தடவிப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. பிறகு இரண்டு கட்டைவிரலையும் அம்மாவின் புருவங்களில் வைத்து மேலே தூக்கிப் பிடித்தாள். இப்போது கேள் என்று முகவாயை அசைத்தாள்.

மைதிலி அவளைச் சுட்டினாள். வாசலைக் காட்டினாள்.

இந்தத் தடவை தலையாட்டினால் போதாது; பதில் சொல்ல ரஞ்சனிக்குக் கை வேண்டும். அவள் விரல்களை எடுக்கவில்லை.