மிட்ஸுயோவுக்கான கை

…தொங்கவிட்டால் கால்சட்டையில் படும், மடக்கினால் கோட்டில் படும், ஆகவே வலது கையை யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல முன்னால் நீட்டியபடி கோயில் மண்டபத்தின் வாசற்படியில் குராமோச்சி உட்கார்ந்து, இடது கையால் மட்டும் ஷூ மாட்டப் பார்த்தார், நடக்கிற காரியமா, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கிக்கொண்டார்… இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் மனைவி மிட்ஸுயோவின் வயிற்றைத் திறக்கிறார்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர், என்ன தெரியும், தெரிந்து மூடிவிடுவார்களா? காலையில் அவள்தான் விரட்டினாள், "இங்க உக்காந்து என் மூஞ்சியவே பாக்காதீங்க, நோயாளி யாருன்னு நர்ஸுக்கே சந்தேகம் வந்துடும்." விரட்டினால் மனிதன் எங்கே போவான், காப்பிக் கடைக்குப் போகலாம், இவரோ ரயிலேறி மலையடிவாரத்து மரக்கோயிலுக்கு வந்து, தூண்களெல்லாம் ஆயிரம் வருஷமாகச் சும்மா நிற்கிற அந்த இருட்டில், காலுறை ஓட்டை வழியே பலகையின் குளிர் ஏற, நோய் தீர்க்கும் பின்ஸுரு சாமியார் சிலையின் மரவயிற்றைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். நோயுள்ள இடம் எதுவோ சாமியாருக்கு அதே இடத்தைத் தடவி, பிறகு தன்னைத் தடவிக்கொள்ள வேண்டும், ஊரே அப்படித் தடவித் தடவிச் சாமியாருக்கு மூக்கு பாதிதான் மிச்சம், தன் மூக்கையே காப்பாற்றிக்கொள்ளாதவர்… சீ, இப்போதா இந்த நக்கல்? வீட்டம்மாவுக்காக என்றதும் சீட்டு கொடுக்கும் நோனாகா அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அப்படின்னா அவங்களத் தொடுற வரைக்கும் அந்தக் கையால வேற எதையும் தொட்டுடாதீங்க ஐயா."

நகராட்சியில் முப்பத்தொரு வருஷம், படிவம் குறையுடையது என்று முத்திரை குத்தித் திருப்பியனுப்பிய கை இது, இதைப் போய் நம்பி… வாசலில் அதே நோனாகா அம்மாள், ரொம்ப வெளிறியிருக்கீங்க, குடிச்சிட்டுப் போங்க என்று தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் நீட்டினாள். இவரும் குனிந்து, நன்றி சொல்லி, வாங்கினார். இரு கைகளாலும். ஒற்றைக் கையால் வாங்குவதா, ஐம்பத்தெட்டு வயதில், மனைவியே சாகக் கிடந்தாலும்… உள்ளங்கையில் சூடு ஏறிய பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தார். அம்மாள் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். "நான்தான் நீட்டினேன், பாவி… திரும்பப் போய்த் தடவுங்க ஐயா, அதுக்கு வேற சீட்டு வேண்டாம்."

திரும்பவும் ஷூவைக் கழற்றி, திரும்பவும் அதே குளிர்ந்த பலகை, வழவழத்த அதே மரவயிறு. பன்னிரண்டே காலுக்கு ரயில், ஒன்றேகாலுக்கு வார்டு, அங்கே நர்ஸ் இருப்பாள், அவள் முன்னால் மிட்ஸுயோவின் போர்வையை விலக்கி வயிற்றில் எப்படிக் கை வைப்பது, என்னங்க இது புதுசா என்று மிட்ஸுயோ கேட்பாள், என்ன சொல்வது… புதுசா? மகன் வயிற்றுக்குள் உதைத்தபோது அவளே இந்தக் கையை இழுத்து வைத்தாள், அவனுக்கு இப்போது இருபத்தாறு. அதற்குப் பிறகு? இந்தக் கை அவளிடம் கிண்ணம் வாங்கியிருக்கிறது, குடை வாங்கியிருக்கிறது, நேற்று சம்மதப் படிவத்தை அவளிடம் நீட்டியது, நுனியைத்தான் பிடித்திருந்தது… அதற்குப் பிறகு அவளைத் தொட்டது எப்போது? மரம் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாகப் போகிறது, கையை எடுத்தாக வேண்டும், எப்போது, எப்போது என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.