ராகுகாலத்துக்கு முந்திய இரண்டு நிமிடம்

லிவர்மோரில் பேரின்பநாதன் வீட்டு கராஜில் ஒரு சக்களத்தி குடியிருந்தாள். 1970ஆம் ஆண்டுச் செவெல் கார். கடும் நீலம், பொனெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை. சக்களத்தி என்று பெயர் வைத்தது அவர் மனைவி ஜெயமலர்தான். வாங்கி மூன்று வருடமாகியும் அதன் கதவை அவள் ஒருதரம்கூடத் திறந்ததில்லை. அரிசி மூட்டை எடுக்க கராஜுக்குள் போனாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் போவாள்.

போன மார்கழியில் பேரின்பநாதனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதோடு மனிதர் அடங்கிப் போனார். ஆராய்ச்சி லாப் வேலையை விட்டுவிட்டு, பகல் முழுக்க சோஃபாவில் குந்தியிருந்து சுவரைப் பார்த்தார். ஜெயமலர் கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவரை எழுப்பிவிட்டது சக்களத்திதான். எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒருநாள் எழும்பிப் போனவர், அன்றைக்கு இரண்டாம்தரமும் சோறு கேட்டார். ஜெயமலர் அடுப்படியில் நின்று அழுதாள். அந்தக் கார் மட்டும் நல்லபடி ஓடிவிட வேண்டும், ஓடாவிட்டால் மனிதர் திரும்பவும் சோஃபாவுக்குப் போய்விடுவார் என்ற பயம் அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டது.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் வைத்த நீளமான இரும்புத் தண்டு. எஞ்சின் மூச்செடுக்கும் வாசல்களை அந்த மேடுகள்தான் முறைவைத்துத் திறந்துவிடும். அதை வெளியே எடுக்க ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும், வாட்டர் பம்ப்பைக் கழற்ற வேண்டும், முன்மூடியைக் கழற்ற வேண்டும். பிறகு எங்கேயும் இடிபடாமல், தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்குகிற பதத்தில் இழுக்க வேண்டும். புதுத் தண்டுக்குக் கறுப்புப் பசை பூசி அதே பதத்தில் உள்ளே விட வேண்டும். இதற்கு அவருக்கு நாலு வார இறுதிகள் பிடித்தன. பாரமானதைத் தூக்கும்போதெல்லாம் ஜெயமலர் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்டார்ட் பண்ணுகிற நாள் ஒரு சனிக்கிழமை. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றவர் எஞ்சினைப் பார்க்க. சான் ரமோனில் இருக்கும் நண்பர் கஜமுகனின் கார் திருத்தக் கொடுத்திருந்தபடியால் பேரின்பநாதனே அவரைக் கூட்டிவரப் போனார். எட்டரைக்குப் போன் வந்தது.

"ஃப்ரீவேயில அக்சிடன்டப்பா. அசையேல்லை. வர ஒம்பதே முக்காலாகும்."

ஜெயமலர் கோயில் கலண்டரைப் பார்த்தாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். மனிதரிடம் சொல்லிப் பயனில்லை. எஞ்சினுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது என்பார், படித்த பௌதிகம் அப்படி. ஆனால் ஸ்டென்ட் வைத்த மனிதர், ராகுகாலத்தில் உயிர் வந்த காரில் ஃப்ரீவே ஏறுவதை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஆரம்பிக்கிற நேரம்தானே கணக்கு. நல்ல நேரத்தில் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பிறகு நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

மூன்று வருடத்தில் முதல்தரமாகச் சக்களத்தியின் கதவைத் திறந்தாள். புது வாகனத்துக்குச் செய்வதுபோல முன் சில்லுகளுக்குக் கீழே இரண்டு தேசிக்காய் வைத்தாள். எஞ்சின்மேல் இருந்த வட்ட மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எட்டு ஐம்பதுக்குச் சாவித் துளையில் திறப்பைப் போட்டுத் திருப்பினாள். அது இருமி, உதறி, பிறகு நின்று நிதானமாக உறுமியது. இரண்டு நிமிடம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிறுத்தினாள். பொட்டைத் துடைத்தாள். கார் நகராதபடியால் தேசிக்காய் நசியவில்லை, எடுத்துச் சாமித்தட்டில் வைத்தாள். எந்தப் பாவமும் அறியாதவள்போலக் கஜமுகனுக்கு இடியப்பம் அவித்தாள்.

பத்து மணிக்கு அவர்கள் ஸ்டார்ட் பண்ணியபோது எல்லாம் சுகமாகவே நடந்தது. சுகம் இரண்டு வாரம்தான் நீடித்தது. எஞ்சினுக்குள் ஒரு டிக்டிக் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒயிலை வடித்துப் பார்த்தால் அதில் இரும்புத்தூள் மினுங்கியது. புதுக் கேமின் மேடுகள் தேய்ந்து போயிருந்தன.

அன்று பின்னேரம் பேரின்பநாதன் சோஃபாவில் போய் இருந்தார். ஜெயமலர் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"என்ர பிழைதான். பேஸ்ட்டை ஒழுங்காப் பூசேல்லைப் போல," என்றார்.

நல்ல வேளையாக அடுத்த நாளே எழும்பிவிட்டார். இன்னொரு கேம் வந்தது. ரேடியேட்டர், பம்ப், முன்மூடி என்று எல்லாம் திரும்பக் கழன்றன. கேம் வந்த பெட்டியைக் குப்பையில் போடப் போன ஜெயமலர், அதற்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தாள். சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது: எஞ்சின் முதல்முதல் பிடித்த நொடியிலிருந்து நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் மேடுகளுக்கு ஒயில் போதாது, கேம் செத்துவிடும்.

இரண்டு நிமிடம். பிள்ளையாரைக் கும்பிட்ட அந்த இரண்டு நிமிடம்தான்.

தாளோடு கராஜுக்குப் போனாள். அவர் குனிந்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ. அண்டைக்கு நீங்கள் வர முந்தி..." தாளை அவர் முன்னால் நீட்டினாள்.

"தெரியும்," என்றார் நிமிராமல்.

"என்ன தெரியும்?"

அவர் வட்ட மூடியை எடுத்துக் காட்டினார். நடுவில் இருந்த நட்டின் இடுக்கில் குங்குமம் அப்படியே இருந்தது. "மேலால மட்டும் துடைச்சிருக்கிறீர். அண்டைக்கு வந்து பொனெட்டைத் திறந்த உடனேயே கண்டனான்."

"அண்டைக்கே தெரியுமோ? பிறகேன் உங்கட பிழையெண்டு சொன்னனீங்கள்?"

பேரின்பநாதன் கையைத் துணியில் துடைத்தார்.

"மூண்டு வரியமா இதைத் தொடாத மனுசி பொட்டு வைச்சிருக்கிறீர். அது ஆருக்காக எண்டு எனக்குத் தெரியாதோ? அதைப் போய்ப் பிழையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது? கேம் போனா இன்னொண்டு வாங்கலாம்."

ஜெயமலர் அழுதாள். அவள் தோளில் அவர் ஒயில் கையை வைத்தார். அந்தச் சட்டையை அவள் பிறகு தோய்க்கவேயில்லை.

"சனிக்கிழமை நல்ல நேரம் எப்ப?" என்று கேட்டார். "அரை மணித்தியாலம் ஒரே நீட்டுக்கு வேணும்."

"ஏழரைக்குத் தொடங்கலாம். கஜமுகன் அந்த நேரத்துக்கு எழும்புவாரோ?"

"கஜமுகன் வேண்டாம். நீர் மிதியும்."

சனிக்கிழமை ஏழரைக்கு ஜெயமலர் சாரதி ஆசனத்தில் இருந்தாள். திறப்பைத் திருப்பியதும் பிடித்தது. மிதித்தாள். மீட்டர் முள் இரண்டாயிரத்துக்கு ஏறியது. கால் மரத்துப் போனாலும் எடுக்கவில்லை, கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை, பிள்ளையாரையும் கண் திறந்தபடிதான் கும்பிட்டாள். பொனெட்டுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் குனிந்து குனிந்து பார்த்தார். இருபத்தைந்தாவது நிமிடம் கையை உயர்த்தினார். அவள் காலை எடுத்தாள். டிக்டிக் இல்லை.

அவர் பொனெட்டை மூடிவிட்டு வந்து பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தார்.

"இனி மெல்ல வெளியால விடும்."

"நானோ?"

"நீர்தான்."

கார் ஓரடி நகர்ந்ததும் முன் சில்லுகளுக்குக் கீழே ஏதோ நசிகிற சத்தம் கேட்டது. ஜெயமலர் திகைத்துப் போய் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் தேசிக்காய் வைக்கவில்லை.

பேரின்பநாதன் நேரே தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுமப்பா," என்றார்.