அப்பாவைக் காக்க வைத்தவர்கள்

சிங்கப்பூர் முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸிடம் எட்டு நாள் மல்லுக்கட்டித்தான் மரிடெல் மூன்று நாள் விடுப்பு வாங்கினாள். அப்பா செத்த அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டியவள். "ஆளில்லையே மரிடெல், வார்டை யாரு பாக்கறது? வீடியோவுல பாத்துக்கோயேன்" என்றாள் அந்தப் புண்ணியவதி. உன் அப்பன் செத்தால் வீடியோவில்தான் பார்ப்பாயா என்று கேட்க வாய் துடித்தது. கேட்டிருந்தால் வேலை பர்மிட் போயிருக்கும். பதினான்கு வருடமாக இப்படி எத்தனையோ வார்த்தைகளை மென்று விழுங்கியாயிற்று.

திங்கட்கிழமை காலை சொந்த ஊரான இலோயிலோவில் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா கூடத்தில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் பூவேலை செய்த வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை பனியனைத் தாண்டி எதையும் போட்டறியாத மனுஷன். மருந்தேற்றிய உடம்பு ஒன்பதாம் நாளும் கெடவில்லை. விரல் நுனிகள் மட்டும் கறுத்திருந்தன. கடல் கடந்து போன பிள்ளை வந்து சேரும்வரை அங்கே மண் போடமாட்டார்கள். வாசல் பந்தலில் துக்கத்துக்கு வந்தவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிமேல் கவிழ்ந்து அழுது முடித்தபின் தங்கையிடம் கேட்டாள். "அர்செலி, அடக்கம் நாளைக்குத்தானே?"

"வெள்ளிக்கிழமைக்கா."

"எனக்குப் புதன்கிழமை மத்தியானம் ஃப்ளைட்டுடி."

"தம்பி வியாழக்கிழமைதான் வர்றான். துபாய்ல அவன் முதலாளி இன்னிக்குத்தான் பாஸ்போர்ட்டைக் கையில குடுத்தானாம்."

மரிடெலுக்கு ரத்தம் தலைக்கேறியது. தான் வந்தால் மறுநாளே அடக்கம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த மூன்று நாளுக்கே நாயாய் அலைந்திருந்தாள். அப்பாவின் குழியில் ஒரு பிடி மண் போட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அதான் நான் வந்துட்டேன்ல? இப்ப நோனோய்க்காகக் காத்திருக்கணுமா? அப்பா என்ன, ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்காரா?"

பந்தலில் சீட்டாட்டம் சட்டென்று நின்றது.

"கத்தாதேக்கா" என்றாள் அர்செலி. "உனக்காக ஒம்பது நாள் வெச்சிருந்தோமே, அப்ப யாராவது கத்தினோமா? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காபி போட்டே என் கை போச்சு. மூணு வருஷம் அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நான். நீ மூணு நாள் லீவுல வந்து நாள் குறிக்கிறியாக்கும்."

"நானும் அள்ளிக்கிட்டுத்தான்டி இருந்தேன். ஊரான் வீட்டு அப்பனுக்கு."

அர்செலியின் கையிலிருந்த போன் அடித்தது. நோனோய். அதை அக்காவின் கையில் திணித்தாள்.

"அக்கா, நான் வர்றதுக்குள்ள மூடிடாதீங்கக்கா. உன் கால்ல விழறேன்."

அப்பா செத்த அன்றைக்கு அம்மாவிடம் போனில் அவள் கதறியதும் இதேதான். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. பாலைவனத்தில் எவனோ ஒருவன் பெட்டியில் பூட்டி வைத்த பாஸ்போர்ட்டுக்காக, இந்தச் சின்னப் பயல்மேல் பாய்ந்து என்ன ஆகப்போகிறது? "மூட மாட்டோம். பாத்து வா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உடனே தலைமை நர்ஸுக்குப் போன் அடித்தாள். இரண்டே நாள், சம்பளம் வேண்டாம் என்று கெஞ்சினாள்.

"மூணு நாள்னு நீயேதானே எழுதிக் குடுத்தே? வியாழக்கிழமை காலையில டியூட்டிக்கு வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

போனைச் சுவரில் அடித்து நொறுக்கலாம் போல இருந்தது. நொறுக்கவில்லை. அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடே இருந்தது.

புதன்கிழமை காலை பையை எடுத்தாள். மற்ற சமயமாக இருந்தால் தெருவே வேனில் ஏறி விமான நிலையம்வரை வந்து கையாட்டும்; கருவாடும் மாம்பழமும் திணித்த பையின் ஜிப் இழுக்க வராது. அன்றைக்கு யாரும் அசையவில்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவரை வீட்டார் வழியனுப்பக்கூடாது. அனுப்பினால் அடுத்த சாவு வருமாம். ஒரு பிஸ்கட்கூட வெளியே போகக்கூடாது. அர்செலி முதுகைத் திருப்பிக்கொண்டு கப்புகளைக் கழுவினாள். அந்த வீட்டுப் பெண்ணையே, துக்கம் கேட்க வந்த யாரோ போல விட்டுவிட்டார்கள்.

அம்மா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

மரிடெல் பையைக் கீழே போட்டாள். "அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. நீ செத்தா எங்க யாருக்காகவும் காத்திருக்க வேணாம். மறுநாளே மூடச் சொல்லிடு. நான் வரல."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. பார்த்துப் பேசினால் அதுவும் வழியனுப்பியதாகிவிடும். கண்ணாடிக்குள் இருந்தவரிடம் சொன்னாள்.

"கேட்டீங்களா இவ பேசறதை? நீங்க செத்ததாலதான் நாலு வருஷம் கழிச்சு இவ மூஞ்சியைப் பாத்தேன். இன்னும் ஒரு தடவை பாக்கறதுக்கு எனக்குன்னு என் சாவு ஒண்ணுதான் மிச்சமிருக்கு. அதையும் வேணாங்கறா."

வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மரிடெல் பையைத் தூக்கிக்கொண்டு, சீட்டாடுகிறவர்களின் நடுவே வழி கேட்டு, வெளியே நடந்தாள்.