சத்தம் போடும் கூரை

மே மாதப் புயலின் முதல் ஆலங்கட்டிக் கல் லியோராவின் கட்டிலில் விழுந்தது. கூரை ஓடுகளையும் பலகையையும் துளைத்துக்கொண்டு வந்த, கைக்கு அடங்காத ஐஸ். அவள் அப்போது குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது தலையணையின் நடுவில் அது கிடந்தது. அவளுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து மாடியில் படுக்க மறுத்துவிட்டாள். அடித்தள அறையில், வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. கூரைமேல் இன்னும் நீலத் தார்பாய்தான். லியோராவின் அம்மா ஆர்லீன் இருந்திருந்தால் ஒரே நாளில் முடிவு செய்திருப்பாள். ஜனவரியில் அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் முடிவெடுக்க அவள் கணவன் மார்லின் ஒருவன்தான். அவனுக்கு எதைத் தேர்ந்தெடுக்கவும் மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்பதைக்கூட.

வெர்னா அவனோடு பள்ளியில் படித்தவள். இப்போது மேற்குக் கான்சஸில் பாதிக் கூரைகள் அவள் போட்டவை. இரண்டு கூரை மாதிரிகளைக் கொண்டுவந்து வாசல் படியில் சாய்த்து வைத்தாள்.

"உன் தார்பாய்க்கே இப்ப ஒரு கூரை வேணும் போலிருக்கே, மார்லின்."

"தெரியும். சொல்லு."

"இது தார் ஓடு. பழசு மாதிரியேதான், ஆனா கெட்டி. கோல்ஃப் பந்து அளவு கல்லு வரைக்கும் தாங்கும். மழை பெஞ்சா உள்ள தெரியவே தெரியாது. இது ஸ்டீல் தகடு. பேஸ்பால் அளவு விழுந்தாலும் பள்ளந்தான் விழும், பொத்தல் விழாது. ஆனா கத்தும்."

"எவ்வளவு கத்தும்?"

"எங்க மாமியார் பேசறது கேக்காது. சில பேரு அதுக்காகவே போடறாங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தான்.

"இன்னொண்ணு. பள்ளம் விழுந்தா இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தரமாட்டான். அது வெறும் அழகுக் குறைதான்னு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

"அழகு பரவாயில்ல. லியோராவுக்குச் சத்தம்தான் ஆகாது. கதவு அடிச்சாலே கீழ ஓடிடறா."

"அப்ப தார் ஓடு?"

"அப்படித்தான் நெனக்கிறேன். சனிக்கிழமை சொல்றேன்."

"எந்த சனிக்கிழமைன்னும் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வெர்னா போனாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கைபேசி அலறியது. ஆலங்கட்டி எச்சரிக்கை. அந்த ஊரில் அதைக் கேட்டதும் யாரும் பாதுகாப்பாக உள்ளே போவதில்லை. முதலில் வண்டியைக் காப்பாற்றத்தான் ஓடுவார்கள். மார்லினும் ஓடினான். மகளைத் தனியாக விட மனமில்லை. அவளையும் தூக்கி பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஷெட். வண்டியை உள்ளே விட்டுவிட்டு எண்பது அடி ஓடினால் வீடு. நேரம் இருக்கிறது என்று நினைத்தான்.

ஷெட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கி, வாசலிலிருந்து மேற்கே பார்த்தவன் அப்படியே நின்றான். மேகம் ஒரு மலைத்தொடர்போல எழுந்து, உச்சி தட்டையாகி, தலைக்குமேல் நீண்டு வந்திருந்தது. அதன் அடியில் வானம் பச்சையாக இருந்தது. பாசி படிந்த தொட்டிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோன்ற வெளிச்சம். காற்று துளியும் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

முற்றத்தில் ஒரு கல் விழுந்து இடுப்பு உயரத்துக்கு எகிறியது. பிறகு இன்னொன்று. பிறகு வானம் மொத்தமாக இறங்கியது.

அந்த ஷெட்டின் கூரை வெறும் ஸ்டீல் தகடு. சத்தம் காதுக்குள் வரவில்லை, நெஞ்செலும்புக்குள் வந்தது. தான் கத்துவது தனக்கே கேட்கவில்லை. மகளை மடியில் இழுத்துப்போட்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினான். இதற்குப் பிறகு இவள் அடித்தள அறையை விட்டு வெளியே வரவே மாட்டாள் என்று தோன்றியது.

லியோரா அவன் கைகளை விலக்கினாள்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். தகட்டின் உட்புறத்தில், அவர்கள் கண்ணெதிரே, புடைப்புகள் முளைத்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து யாரோ விரல் முட்டியால் இடிப்பதுபோல் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, நூறு, இருநூறு. பத்தடி தள்ளி, திறந்த கதவுக்கு வெளியே, பேஸ்பால் அளவுக் கற்கள் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தன. எங்கோ பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் உருண்டு திரண்டு வந்தவை. அவற்றுக்கும் இந்தச் சின்னத் தலைக்கும் இடையே ஒரு தகடு. அட்டையளவு தடிமன்கூட இல்லை.

ஏழு நிமிடம். பிறகு, கத்தரித்ததுபோல் நின்றது.

வெயில் வந்தது. முற்றம் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்கு வெள்ளை. அதன்மேல் ஆவி எழுந்து முழங்கால் உயரத்தில் மிதந்தது. பக்கத்து வயலின் கோதுமை, அடுத்த வாரம் அறுக்க வேண்டியது, இருந்த இடமே தெரியவில்லை.

"ஒண்ணுகூட உள்ள வரலப்பா" என்றாள் லியோரா.

"ஆமா. ரொம்ப பயந்துட்டியா?"

"பயந்தேன். ஆனா அது எங்க இருக்குன்னு தெரிஞ்சுதே. வெளியதான் இருந்துச்சு. வெளிய இருக்கேன், வெளிய இருக்கேன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கு அது ஒண்ணுமே சொல்லாம வந்துடுச்சு."

ஐந்து வாரங்களாக அவளுக்காக மௌனத்தைத் தான் தேடிக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. கைபேசியை எடுத்தான்.

"உயிரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் வெர்னா.

"ஸ்டீல் போடு."

"இருக்கோம்னு மொதல்ல சொல்லுப்பா. அவளுக்குச் சத்தம் ஆகாதுன்னியே?"

"நான் தப்பா நெனச்சுட்டேன்."

"இந்தப் புயலுக்கப்புறம் எனக்கு ஊர்ப்பட்ட வேலை. மூணு வாரம் ஆகும்."

"பரவாயில்ல. அந்தக் காகிதத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

லியோரா ஐஸில் தடுமாறி நடந்துபோய் வீட்டின் கூரையை ஏறிட்டுப் பார்த்தாள். தார்பாய் கந்தலாகத் தொங்கியது. கிழக்கே நகர்ந்துவிட்ட மேகத்தின் உச்சியில் இன்னும் வெயில் எரிந்தது.

"எப்ப போடுவாங்க?"

"மூணு வாரத்துல."

"அதுக்குள்ள இன்னொரு புயல் வந்துடுமா?"

"வரலாம். சொல்ல முடியாது."

"போட்டு முடிச்சப்புறமும் ஒண்ணு வரணும்ப்பா" என்றாள். "நான் மேல படுத்துக்கிட்டுக் கேக்கணும்."